மும்பை சர்வரை மூடாதீர்கள்: விளையாட்டு நிறுவனத்திற்கு மதுரையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆசிய வட்டார நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் இணைய விளையாட்டை எங்களுக்காக இயக்கும் மையக் கணினியான மும்பை சர்வரை இந்தக் காலாண்டின் இறுதியோடு மூடிவிட்டு, அதிலுள்ள எங்கள் கதாபாத்திரங்களை எல்லாம் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் சர்வருக்கு மாற்றப்போவதாக நீங்கள் அனுப்பிய அறிவிப்பு கிடைத்தது. முன்னோட்டம் என்ற பெயரில் சென்ற வார இறுதியில் எங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியபோது என்ன நடந்தது என்பது எங்கள் நினைவில் இருப்பதைவிட உங்கள் பதிவுகளில் தெளிவாகவே இருக்கும் என்பதால், முன்கதையை விரிக்கவில்லை. மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி என்று இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து ஒரே கில்டாக, அதாவது ஒரே அணியாக, ஆடிவரும் எங்கள் சார்பில் நான் கேட்பது ஒன்றுதான். மும்பை சர்வரை மூடாதீர்கள். செலவு கட்டுப்படியாகவில்லை, மூடியே தீரவேண்டும் என்றால் எங்களைச் சிங்கப்பூருக்கு மாற்றுங்கள்; பிராங்க்ஃபர்ட்டுக்கு வேண்டாம்.

உங்கள் நிறுவனத்தின் பெயரையும் விளையாட்டின் பெயரையும் வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டிருக்கிறேன். இதைப் படிக்கும் ஆட்டக்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

எங்கள் கில்டில் எதிரியின் அடியை முன்னே நின்று தாங்கும் டேங்க் பொறுப்பில் ஆடுபவர் மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் கமிஷன் கடை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவர். விடிவதற்கு வெகுநேரம் முன்பே பூ மூட்டைகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். அவர் மூன்றரை மணிக்கு எழுந்தாக வேண்டும், முகூர்த்த நாள் என்றால் இன்னும் முன்பாகவே. அவரை வைத்துத்தான் ரெய்டு என்று நாங்கள் சொல்லும் கூட்டுச் சண்டை இரவு எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடிகிறது. பிராங்க்ஃபர்ட்டில் ஆட்டக்காரர்கள் வேலை முடித்து, சாப்பிட்டு, இரவு எட்டு மணிக்கு ரெய்டுக்குக் கூடும்போது மதுரையில் கோடைக்காலமானால் பதினொன்றரை, குளிர்காலமானால் பன்னிரண்டரை ஆகியிருக்கும். உங்கள் நேரத்திலேயே நீங்கள் ஆடிக்கொள்ளலாமே என்று உங்கள் உதவிப் பிரிவினர் பதில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் இந்த விளையாட்டை ஒரு வாரமாவது ஆடிப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். எங்கள் கில்டில் எல்லா வாரமும் எல்லாரும் வருவதில்லை. குறையும் இரண்டு மூன்று இடங்களைக் கொச்சியிலிருந்தோ புணேயிலிருந்தோ கொழும்பிலிருந்தோ அந்த நேரத்தில் விழித்திருக்கும் யாரையாவது அழைத்துத்தான் நிரப்புகிறோம். விளையாட்டுக்குள் இருக்கும் சந்தையில் மருந்துப் புட்டி வாங்குவதற்கும், வாரத்துக்கு ஒருமுறை திறந்தவெளியில் வரும் பாஸ் என்னும் பெரிய எதிரியை அடிப்பதற்கும் சர்வரில் ஆள் இருக்கவேண்டும். பல ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஓர் உலகில் இருப்பதுதானே நீங்கள் விற்கும் சரக்கு? ஆளில்லாத ஐரோப்பியப் பிற்பகலில் எங்களை விட்டுவிட்டு, முழு மாதச் சந்தாவையும் எப்படி வாங்குவீர்கள்?

நேரத்தையாவது எப்படியோ சமாளிக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், பிங்கை, அதாவது எங்கள் கணினியிலிருந்து செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரத்தை, என்ன செய்வது? மும்பையில் எங்களுக்கு நாற்பது மில்லி விநாடியை ஒட்டியே இருந்த பிங், முன்னோட்டத்தின்போது நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே இறங்கவே இல்லை. அந்த வார இறுதியில் நாங்கள் எதிர்கொண்ட பாஸ், சுத்தியலை ஓங்கும்போது தரையில் சிவப்பு வட்டம் தோன்றும். டேங்க் அதைவிட்டு வெளியேற வேண்டும், அல்லது கேடயப் பொத்தானை அழுத்த வேண்டும். எங்கள் ஆள் இரண்டையும் செய்தார். அவருடைய திரையில் அவர் வட்டத்துக்கு வெளியே கேடயத்தோடு நின்றுகொண்டிருந்தார். என் திரையிலும் கிட்டத்தட்ட அப்படியே. ஆனால் யார் எங்கே நிற்கிறார், யார் இறந்தார் என்று தீர்மானிப்பது எங்கள் கணினிகள் அல்ல, சர்வர்தான். அவர் விலகிவிட்ட செய்தி பிராங்க்ஃபர்ட் போய்ச் சேர்வதற்குள் சர்வரின் கணக்கில் அவர் வட்டத்தின் நடுவிலேயே இறந்துவிட்டார். காயத்தை ஆற்றும் பொறுப்பிலுள்ள ஹீலர் அனுப்பிய உயிர், பிணத்தின் மீது போய் விழுந்தது. இப்படியே திரும்பத் திரும்ப நடந்தது. கடைசியில் அந்த மனிதர், தம் விரல்தான் மெதுவாகிவிட்டது போலிருக்கிறது, வேறு டேங்க் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாய்ஸ் சாட்டில் சொல்லிவிட்டு வெளியேறினார். நல்ல ஆட்டக்காரர் ஒருவரைத் தம் கையையே சந்தேகிக்க வைத்ததைத்தான், உங்கள் அறிவிப்பு மேம்பட்ட அனுபவம் என்று அழைக்கிறது.

இதைப் பேட்ச் என்னும் மென்பொருள் திருத்தம் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று யாரும் எங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். மதுரையிலிருந்து பிராங்க்ஃபர்ட் நேர்கோட்டிலேயே சுமார் 7,700 கிலோமீட்டர். போய்த் திரும்ப, எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும், எழுபத்தைந்து மில்லி விநாடிக்கு மேல் பிடிக்கும். கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக, இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் கேபிள்களில் பெரும்பாலானவை செங்கடல் வழியாகவே போகின்றன. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே கேபிள்கள் அறுந்தன. 2025 செப்டம்பரில் ஜெட்டாவுக்கு அருகே மறுபடியும் அறுந்து, இந்தியாவில் இணைய வேகம் தள்ளாடியது. சிங்கப்பூரோ மதுரையிலிருந்து சுமார் 3,000 கிலோமீட்டர். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-ஆம் ஆண்டிலிருந்தே நேரடிக் கேபிள் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் எங்களுக்குச் செங்கடலைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

மாறிவரும் சட்டச் சூழலையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணையவழி விளையாட்டுச் சட்டத்தைத்தான் சொல்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்தச் சட்டம் தடை செய்வது பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களை. பந்தயமாக இல்லாத வரையில் சந்தா வாங்கிக்கொண்டு நடத்தும் விளையாட்டுகளுக்கு அது இடம் தருகிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ரம்மியையும் இதையும் ஒன்றாகப் போட்டுத் திட்டுவது வழக்கம்தான். வழக்கறிஞர் பட்டாளமே வைத்திருக்கும் நீங்களும் அப்படியே குழப்பிக்கொண்டால் எப்படி? ஒருவேளை உங்களுக்கு உண்மையிலேயே சட்டத்தின் மீது அச்சம் இருக்குமானால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே வாங்கும்படி நீங்கள் காசுக்கு விற்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளை நிறுத்துங்கள். சர்வரை மூட வேண்டாம்.

சட்டம் என்று வந்த பிறகு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பண விளையாட்டுகளை ஆடக்கூடாது என்று தமிழ்நாட்டில் 2025-இல் விதி வந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. சூதாடுபவர்களே தூங்கட்டும் என்று அரசு நினைக்கும் அதே நேரத்தில் எங்களை எழுப்பி உட்கார வைப்பதற்கு நீங்கள் திட்டம் போட்டிருக்கிறீர்கள். வீட்டில் இதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது என்று அறிவிப்பில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இந்திய ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை போதவில்லை என்பது உங்கள் மற்றொரு காரணம். எண்ணிக்கை மட்டுமே கணக்கு என்றால், ஃபைனல் ஃபேன்டசி 14 விளையாட்டை நடத்துபவர்கள் 2022 ஜனவரியில் ஆஸ்திரேலிய வட்டாரத்துக்கென்று தனித் தரவு மையம் திறந்திருக்க மாட்டார்கள். ரூன்ஸ்கேப் நிறுவனம் 2013-இல் பழைய பதிப்பைத் திரும்பக் கொண்டுவருவதா என்று ஆட்டக்காரர்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன, பழைய பதிப்பு திரும்ப வந்தது, இன்றும் செழிப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பர் 30 அன்று மூடப்பட்டது. ரசிகர்கள் அதைத் தாங்களே பாதுகாத்து நடத்தி, 2024 ஜனவரியில் அதே நிறுவனத்திடமிருந்து முறையான உரிமமும் பெற்றார்கள். அதே 2024 மார்ச்சில் தி க்ரூ என்ற பந்தய விளையாட்டின் சர்வர்கள் நிறுத்தப்பட்ட கோபத்தில் எழுந்த இயக்கம், மறு ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து இலட்சம் கையெழுத்தைத் தாண்டியது. இதையெல்லாம் மிரட்டலாகச் சொல்லவில்லை. காசு கொடுத்துப் பல ஆண்டுகள் வாழ்ந்த இடத்தை விட்டு மனிதர்கள் சத்தமில்லாமல் எழுந்து போவதில்லை என்பதை உங்கள் தொழில் ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

இடம் என்று சொன்னது சும்மா அல்ல. மாற்றத்துக்குப் பிறகு ஒரே பெயரில் இரண்டு கில்டுகள் இருந்தால் ஐரோப்பியக் கில்டுக்கே பெயர் சேரும், கில்டு மாளிகையும் கொண்டுவர இயலாது என்று உங்கள் அறிவிப்பின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்த மாளிகையின் ஒவ்வொரு தூணும் எங்களில் யாரோ ஒருவர் மரம் வெட்டி, கல் சுமந்து எழுப்பியது. சித்திரை மாதத்தில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று, வெளியூர்களில் வேலை பார்ப்பதால் வைகைக்கு வரமுடியாமல் போன எங்கள் ஆட்கள் விளையாட்டுக்குள் இருக்கும் ஆற்றங்கரையில் குதிரைகளோடு கூடுவார்கள். துபாயிலிருந்து ஒருவர், ஓசூரிலிருந்து ஒருவர். சண்டை கிடையாது, பரிசு கிடையாது, சும்மா நின்று பேசிக்கொண்டிருப்போம். உங்கள் வடிவமைப்பாளர்கள் யாரும் திட்டமிடாத இந்த வழக்கத்தை எந்த அட்டவணையில் எந்தப் பத்தியில் வைத்து இழப்பு என்று கணக்கிட்டீர்கள்? தீபாவளிக்கு அகல்விளக்கு ஏந்திய ஸ்கின்னை, அதாவது கதாபாத்திரத்தின் புதுத் தோற்றத்தை, ரூபாயில் விலை போட்டு விற்கும்போது மட்டும் நாங்கள் இந்தியக் குடும்பம். சர்வர் வாடகை என்று வரும்போது ஐரோப்பாவின் திண்ணையில் ஒதுங்க வேண்டியவர்கள்.

சொல் சற்றுக் கடுமையாகிவிட்டதாகத் தோன்றினால் பொறுத்தருளவும். உங்கள் விளையாட்டின் மீது வெறுப்பு இருந்தால் சந்தாவை நிறுத்திவிட்டு எழுந்திருப்போம், மடல் எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மும்பை சர்வரை மூடாதீர்கள். இயலவே இயலாது என்றால் எங்களைக் கில்டின் பெயரோடும் மாளிகையோடும் சிங்கப்பூருக்கு மாற்றுங்கள். அதுவரை பிராங்க்ஃபர்ட் மாற்றத்தை நிறுத்தி வைத்து, அடுத்த மாதச் சந்தா எங்கள் கணக்கிலிருந்து பிடிக்கப்படுவதற்கு முன்பாக, தானியங்கிப் பதிலாக அன்றி, முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ள ஒருவரின் பெயரோடு எழுத்துவழியில் மறுமொழி அளிக்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மும்பை சர்வரில் ஆடும் மதுரை வட்டாரக் கில்டின் சார்பாக,
அதன் ஹீலர்களில் ஒருவன்