ஜெர்மனி ஹாம்பர்க்கிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே "சாப்பிட்டியா" என்று பேச்சை மாற்றிவிடுவாய்.

என் பக்கத்து சீட்டில் வேலை பார்க்கிறவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், வயது ஐம்பத்தெட்டு, ஆனால் சார் என்று கூப்பிட்டால் பிடிக்காது. வந்து ஏழு மாதத்தில் என்ன பார்த்தாய் என்று கேட்டார். வீடு, ஆபீஸ், சூப்பர் மார்க்கெட் என்றேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். ஞாயிறு காலை எட்டு மணிக்கு என்னைப் படகுத்துறைக்கு வரச் சொல்லிவிட்டார்.

ஊர் சுற்றிக் காட்டும் பஸ், படகு எல்லாம் அங்கே வரிசையாக நிற்கின்றன. அதற்கெல்லாம் காசு கொடுக்காதே, உன் மாதப் பாஸே போதும் என்று 62ஆம் நம்பர் படகில் ஏற்றினார். நம் ஊர் டவுன் பஸ் மாதிரிதான், தண்ணீரில் போகிறது, அவ்வளவே. மேல்தட்டில் நின்றால் காற்று காதை அறுக்கிறது. நீ கொடுத்தனுப்பிய குரங்குக் குல்லாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன் (திட்டாதே).

அப்பாவிடம் இதைச் சொல்: இங்கே துறைமுகம் கடலில் இல்லை, எல்பே என்ற ஆற்றில் இருக்கிறது. கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். இருந்தும் நம் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துத் தோணிகளை ஐம்பது அறுபது அடுக்கினாலும் ஈடாகாத கன்டெய்னர் கப்பல் ஆற்றுக்குள் வந்து நிற்கிறது. ஏற்றவற்றமும் உண்டு, நம் ஊரில் முழங்கால் அளவு தெரிந்தாலே பெரிது, இங்கே மூன்றரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. நண்பரின் அப்பாவும் இதே துறைமுகத்தில் மூட்டை இறக்கியவராம். நம் அப்பாவும் துறைமுகத்து ஆள்தான் என்றேன். அதிலிருந்து எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடிவிட்டது.

அப்புறம் ஆற்றுக்கு அடியில் நடந்தோம். 1911இல் திறந்த சுரங்கப்பாதை, 426 மீட்டர் நீளம், நடந்து போனால் காசே இல்லை. வண்டிகளை இறக்குவதற்கென்றே அந்தக் காலத்தில் செய்த பெரிய கூண்டு லிஃப்டில் நம்மை இறக்குகிறார்கள். சுவரெல்லாம் ஓடு, நடுநடுவே மீன், நண்டு என்று சுட்ட மண்ணில் செய்து பதித்திருக்கிறார்கள். எங்கோ ஒரு பழைய பூட்ஸ் கூட இருந்தது. ஆற்றில் கிடப்பதைத்தானே செய்ய முடியும் என்றார்.

மத்தியானம் ஒரு பன்னுக்குள் காடியில் ஊறிய மீனையும் பச்சை வெங்காயத்தையும் வைத்துக் கொடுத்தார்கள். அடுப்பையே பார்க்காத மீன், அம்மா! தூத்துக்குடிக்காரனிடம் இதைக் கொடுக்கலாமா? கண்ணை மூடிக்கொண்டு பாதி தின்றேன், நன்றாகத்தான் இருந்தது, மீதிப் பாதியைக் கடற்பறவை ஒன்று கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இங்கே காலையோ ராத்திரியோ யாரைப் பார்த்தாலும் "மொய்ன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு தடவை சொன்னால் வாயாடி என்று அர்த்தமாம்.

திரும்பி வரும்போது ஆற்றோரம் ஒரு சுவரின் முன்னால் நின்றார். என் தலைக்கு மேலே ஒரு கோடு, பக்கத்தில் 1962 என்று வருஷம். அந்த பிப்ரவரியில் ராத்திரியில் புயலோடு கடல் ஆற்றில் ஏறி, கரை உடைந்து, இந்த ஊரில் மட்டும் 315 பேர் செத்துப்போனார்கள். அவருடைய அம்மாவுக்கு அப்போது பதினாறு வயது, விடிய விடியக் கூரைமேல் உட்கார்ந்திருந்தார்களாம். அதற்கப்புறம் கரையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். 1976இல் அதைவிட உயரமாகத் தண்ணீர் வந்தும் ஊர் தப்பித்தது.

அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டு வந்தவன், அங்கே எனக்குப் பேச்சே வரவில்லை. 2023 மார்கழி வெள்ளத்தில் நம் முன்னறைச் சுவரில் ஒரு கோடு விழுந்ததே, நீ தினமும் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தும் போகவில்லையே, அதைத்தான் நினைத்துக்கொண்டேன். போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தேதி எழுதவில்லையா என்று கேட்டார்.

மக்ரூன் அனுப்பினால் இரண்டு பொட்டலமாக அனுப்பு, ஒன்று அவருக்கு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பீரோவுக்குப் பக்கத்தில் அந்தக் கோட்டை ஒரு சாண் மட்டும் விட்டு அடிக்கச் சொல். தேதியை அப்பாவையே எழுதச் சொல், அவர் கையெழுத்துதான் நன்றாக இருக்கும்.

சாப்பிட்டேன்.

உன் மகன்