காலஞ்சென்ற மருமகன்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு நண்ப,

ஐந்து மாதமாக உமக்குப் பதில் எழுதாதவன், இன்று ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். நீர் நட்ட மாமரம் இம்முறையும் காய்க்கவில்லை.

நம் கணக்கு மாஸ்டரின் 31 ஆம் நாள் நினைவுமலரை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நீர் லினக்ஸ் இயங்குதளம் போட்டுத் தந்த அதே மடிகணினியில் நள்ளிரவுவரை இருந்து உறவுமுறைகளைத் தட்டச்சுச் செய்தேன். அச்சகத்திலிருந்து பிழைதிருத்தப் படி வந்தபோது, மாஸ்டரின் பெற்றோர் பெயருக்கு முன்னால் நிற்கவேண்டிய ‘காலஞ்சென்ற’ என்ற சொல், மூத்த மருமகனின் பெயருக்கு முன்னால் நின்றது. பிழை பார்க்க வந்திருந்தவரும் அவரேதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுக்கொண்டு, “எப்போது?” என்று மட்டும் கேட்டார்.

மாஸ்டர் இருந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிக்கப் போன நம்மை நிறுத்தி, ஏழு கிணற்றின் சூட்டுக்கும் சராசரி காணச் சொன்ன மனிதரல்லவா? ஆனால் அந்தப் பக்கத்தை அவருடைய மகள் முதலில் பார்த்திருந்தால் என்ற நினைப்பில் அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

குற்றவாளி என் உள்ளங்கை. திரையிலுள்ள சுட்டி வெறுமனே நகர்ந்தால் எழுதும் இடம் மாறாது. விசைப்பலகைக்குக் கீழே சுட்டியை நகர்த்த இருக்கும் தொடுபலகையான டச்பாட்டில் உள்ளங்கை படுவதைத் தட்டல் என்று எண்ணிக் கணினி சொடுக்கிவிடுவதுதான் வினை. தட்டச்சின்போது டச்பாட்டை உறங்கவைக்கும் வசதி இருக்கிறது என்பீர். விரல் ஓய்ந்த சற்று நேரத்தில் அது விழித்துவிடுகிறதே! நானோ சொல்லுக்கொரு தேநீர் குடித்து எழுதுகிறவன்.

ஆகவே அதை அடியோடு நிறுத்திவிட முடிவுசெய்து, நீர் தாளில் எழுதிவைத்துப் போன, கருவிகளைப் பட்டியலிட்டு முடக்கும் ‘எக்ஸ்இன்புட்’ கட்டளையைத் தேடி எடுத்தேன். பட்டியலில் டச்பாட்டின் எண் 12 என்றிருந்தது. 12 ஐ முடக்கினேன், அடங்கியது. மறுநாள் கணினியைத் திறந்தால் பழையபடி விழித்திருந்தது. உள்நுழைந்ததும் தானே ஓடும்படி அந்தக் கட்டளையை அமைத்துவிட்டு, மத்திய வீதியில் ஒரு மவுஸ் வாங்கிவந்து செருகி, மறுபடி கணினியை இயக்கினேன். கடவுச்சொல்லை நல்லபிள்ளையாக வாங்கிக்கொண்ட விசைப்பலகை, உள்ளே போனதும் செத்துவிட்டது. புது மவுஸ் வரிசையில் புகுந்ததால் எண்கள் நகர்ந்து, 12 ஆம் எண் விசைப்பலகைக்குப் போயிருந்தது! எண் நிலையானதல்ல, கருவியின் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுக்கவேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் உமது பேனை தேய்ந்துவிடுமா?

பெயரைக் கொடுத்ததும் சில நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகு உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் பதிப்புக்கு மாறினேன். அது திரையையும் கருவிகளையும் கவனிக்கும் வேலண்ட் என்ற புதிய முறையில் இயங்குவதால் எக்ஸ்இன்புட் அங்கே செல்லாக்காசாகிவிட்டது. அங்கு மேசைத்திரையை நடத்தும் குனோமிடமே சொல்லவேண்டும். அமைப்புகளில் டச்பாட்டுக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் மவுஸ் பழுதான நாளில் சுட்டிக்கு எங்கே போவது? குனோமின் அமைப்புகளை மாற்றும் ‘ஜிசெட்டிங்ஸ்’ கட்டளையால் டச்பாட்டின் ‘சென்ட்-ஈவென்ட்ஸ்’ என்ற அமைப்புக்கு ‘டிஸேபிள்ட்-ஆன்-எக்ஸ்டேர்னல்-மவுஸ்’ என்ற மதிப்பைக் கொடுத்தேன். மவுஸைச் செருகினால் டச்பாட் உறங்கும், பிடுங்கினால் எழும்பும். எண்ணும் வேண்டாம், உமது தாளும் வேண்டாம்.

மலர் பிழையின்றி வந்துவிட்டது. மருமகனின் பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்னட்டைப் படத்தைக்கூடப் பார்க்காமல் அவர் நேரே அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார். உமது பிரதி தபாலில் வருகிறது. அதன் 7 ஆம் பக்கத்தில், மாஸ்டருக்கு இடப்புறம், அரைக்காற்சட்டையோடு நிற்பவர் யாரென்று உமது வீட்டாருக்கு நீரே சொல்லும்.

அன்புடன்,
உமது பழைய வாங்குத் தோழன்