நூலகத்தில் பெரியவர்களுக்கும் ஒரு கதை நேரம்

மதிப்பிற்குரிய பொது நூலக இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை வந்தால் நூலகங்களில் குழந்தைகளுக்குக் கதைசொல்லிகளை அழைக்கிறீர்கள். அவர்களையே மாதம் ஒரு பிற்பகல், கணவனையோ மனைவியையோ பறிகொடுத்தவர்களுக்காகவும் அழைக்க வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவுகள் ஊர் திரும்பிவிடும். பெண்களுக்காவது அதுவரை ஒப்பாரி உண்டு. ஆண்களுக்கு அதுவும் கிடையாது. ஒரே நாளிதழை மணிக்கணக்கில் விரித்து வைத்திருக்கும் பெரியவர்களைப் பற்றி உங்கள் கிளை நூலகர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

எந்தக் கதை என்பதில் கவனம் வேண்டும். எமனிடம் வாதாடிக் கணவனை மீட்ட சாவித்திரி கதை வேண்டவே வேண்டாம். மீட்க முடியாமல் போனவளுக்கு அது ஆறுதலா, குற்றச்சாட்டா? நம் பாட்டிமார் சொன்ன வேறொரு கதை இருக்கிறது. இரண்டு மகன், இரண்டு மருமகளோடு ஒரு கைம்பெண். நாலு பேரும் ஏசுவார்கள். சொல்லி அழ ஆளில்லாமல் எல்லாவற்றையும் விழுங்கி விழுங்கி உடம்பு ஊதிப்போகிறது. அதற்கும் கேலி. ஒருநாள் கால் போன போக்கில் நடந்தவள், ஊருக்கு வெளியே கூரையில்லாத பாழடைந்த வீட்டுக்குள் நுழைகிறாள். மூத்த மகன் செய்ததை ஒரு சுவரிடம் சொல்ல, சுவர் இடிந்து விழுகிறது. உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. இப்படியே நாலு சுவரும் விழுந்தபின் லேசாகி வீடு திரும்புகிறாள்.

மகன்கள் திருந்தியதாகக் கதையில் இல்லை. செத்துப்போன கணவனைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பெரிய துக்கத்தைச் சொல்ல வாய் வராதபோது மருமகள் ஊற்றிய ஆறிப்போன காபியைப் பற்றித்தானே பேசுகிறோம்!

செலவு பெரிதல்ல. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிவருகிறோம். அதிலிருந்து கதைசொல்லிக்குப் போக வர பஸ் செலவும் ஒரு சிறு தொகையும் கொடுக்கலாம். ஆள் திரட்ட வாசகர் வட்டம் இருக்கிறது. ஆனால் ‘கைம்பெண்களுக்கான நிகழ்ச்சி’ என்று பேனர் கட்டினால் ஒருவரும் வரமாட்டார்கள். ‘கதை நேரம், மாலை மூன்று மணி’ என்று மட்டும் எழுதுங்கள். பொன்னாடை, குத்துவிளக்கு, குழுப் புகைப்படம் எதுவும் வேண்டாம். கதை முடிந்ததும் மைக்கை நீட்டி அனுபவத்தைப் பகிரச் சொல்லவும் வேண்டாம். பேசத் தோன்றுகிறவர்கள் டீ குடிக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொள்வார்கள்.

முதலில் ஒரு கிளையில் தொடங்கிப் பார்க்கலாம். எங்கள் ஊர்க் கிளை என்றால் நாற்காலி போட நான் வருகிறேன்.

இப்படிக்கு,
மனைவியை இழந்த ஒரு நூலக உறுப்பினர்