கார்டுகளைக் கேட்டிருந்தாயே

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. உடனே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், அதற்குள் அம்மாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சை வந்துவிட்டது. இப்போது கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கிறாள். தடி எதற்கு என்று என்னோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள், கவலைப்படாதே. உன் அப்பாவின் கண் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போகிறேன் என்ற வரியை மூன்று தடவை படித்தேன். சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. நாற்பதை நெருங்குகிற வயதில் ஜி.ஆர்.இ. என்கிற மேற்படிப்புச் சேர்க்கைத் தேர்வை எழுத உட்கார்வது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம்தான் இரண்டு தடவை எழுதினேன். கணக்குப் பகுதியை நீ ஊதித் தள்ளிவிடுவாய். ஆங்கிலச் சொல்லையும் வாசிப்பையும் சோதிக்கும் வெர்பல்தான் பயமாக இருக்கிறது, உன் சொல் கார்டுகளை அனுப்பிவை என்று கேட்டிருக்கிறாய். அனுப்புகிறேன். அதற்கு முன்னால் அந்தக் கார்டுகள் எனக்கு என்ன செய்தன, என்ன செய்யவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கும் முன்னால் ஒன்று. நீ விண்ணப்பிக்க நினைக்கும் துறைகள் இந்தத் தேர்வை இன்னும் கேட்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார். பல துறைகள் கேட்பதை நிறுத்திவிட்டன, சில விருப்பம் இருந்தால் அனுப்பு என்கின்றன. கேட்காத இடத்துக்காக மூன்று மாதத் தூக்கத்தைத் தொலைக்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா வைத்திருந்த அந்தத் தலையணை மாதிரிப் புத்தகம் நினைவிருக்கிறதா? அவள் காலத்தில் தேர்வே வேறு மாதிரி. ஒரு சொல்லைத் தனியாகக் கொடுத்து அதன் எதிர்ச்சொல்லைக் கேட்பார்கள். இரண்டு சொற்களைக் கொடுத்து அதே உறவுள்ள இன்னொரு ஜோடியைக் கேட்பார்கள். சொல் தெரிந்தால் மதிப்பெண், தெரியாவிட்டால் மோட்டுவளையைப் பார்க்க வேண்டியதுதான். அதனால் மனப்பாடம் செய்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. 2011 ஆகஸ்டில் தேர்வை நடத்தும் இ.டி.எஸ். அந்த இரண்டு வகைக் கேள்விகளையும் எடுத்துவிட்டது. 200 முதல் 800 வரை இருந்த மதிப்பெண் அளவையும் 130 முதல் 170 வரை என்று மாற்றியது. இப்போது எந்தச் சொல்லும் தனியாக வராது, வாக்கியத்துக்குள்தான் வரும். தேர்வு மாறியதே தவிர, பட்டியலை உருப்போட்டால் கரையேறிவிடலாம் என்ற நம்பிக்கை மாறவில்லை. நானும் அந்த நம்பிக்கையில்தான் ஆயிரத்து இருநூறு கார்டு எழுதினேன்.

முதல் தடவை என்ன நடந்தது தெரியுமா? வெர்பலில் இரண்டு பிரிவு உண்டு. முதலாவதில் 12 கேள்வி, 18 நிமிஷம். இரண்டாவதில் 15 கேள்வி, 23 நிமிஷம். முதல் பிரிவில் நீ எப்படிச் செய்தாயோ அதைப் பொறுத்து இரண்டாவதின் கடினம் அமையும். எனக்கு இரண்டாவது பிரிவு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. உழைப்பு வீண்போகவில்லை என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே முடித்தேன். திரையில் வெர்பல் 149 என்று வந்தது. முதல் பிரிவில் சொதப்பியதால்தான் இரண்டாவது அவ்வளவு இளகியிருந்தது என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. அன்று ராத்திரி யாரோடும் பேசவில்லை. உனக்குக்கூட எழுதவில்லை, பார்த்தாயா?

ஒரு வாரம் கழித்து, பயிற்சியில் தப்பாகப் போட்டிருந்த கேள்விகளில் நாற்பதை எடுத்து ஒரு நோட்டில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏன் தப்பு என்று ஒரு வரி. சொல் தெரியாததால் போனவை ஒன்பதுதான். மீதி முப்பத்தொன்றிலும் எல்லாச் சொல்லும் எனக்குத் தெரியும். வாக்கியம் என்ன சொல்கிறது என்பதைத்தான் நான் பார்க்கவில்லை.

இதற்கு நம் மொழியும் ஒரு காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சிரிக்காதே. நமக்கு வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. வந்தானா, வரவில்லையா என்று தெரிய முடிவு வரை காத்திருந்தே பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் மறுப்பு முன்னாலேயே ஓசைப்படாமல் வந்து போய்விடும். வாக்கியம் மூன்று வரி நீளும்போது, 'கிட்டத்தட்ட இல்லை' என்று தொடக்கத்திலேயே மறுத்துவிட்டுப் போன 'ஹார்ட்லி'யை நான் தொலைத்திருப்பேன். 'லிட்டில்' என்பதற்கு முன்னால் 'எ' இருந்தால் கொஞ்சம் ஆதாரம் உண்டு. 'எ' இல்லாவிட்டால் ஆதாரம் கிட்டத்தட்ட இல்லை. ஒரே எழுத்தில் அர்த்தம் தலைகீழ். 'இஃப்' இன்னும் மோசம். இரண்டு பெயரடைகளுக்கு நடுவில் அது வந்தால் 'ஒருவேளை' என்று பொருளில்லை. ஒரு நூலைப் பற்றி அப்படி எழுதியிருந்தால், 'சலிப்பூட்டினாலும் முழுமையான நூல்' என்கிற மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும். என் முப்பத்தொன்றில் பாதிக்கு மேல் இந்த மாதிரிக் குட்டிச் சொற்களிடம் தோற்றவைதான். அவற்றுக்கு நான் ஒரு கார்டுகூட எழுதியிருக்கவில்லை!

அப்புறம் முறையை மாற்றினேன். கோடிட்ட இடம் வந்தால் விடைகளைக் கையால் மறைத்துவிடுவேன். 'அவருடைய விமர்சனம் நண்பர்களையே சுடும் அளவுக்கு ______ இருந்தாலும், அதில் வன்மம் ஒரு துளியும் இல்லை' என்று ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள். அங்கே நான் 'காரமாக' என்று போட்டுக்கொள்வேன். தமிழிலேயே போடலாம், தப்பில்லை. 'இருந்தாலும்' என்ற சொல்தான் எனக்கு அதைச் சொல்லித் தருகிறது. அதற்குப் பிறகுதான் கையை எடுத்து, என் சொல்லுக்கு எது பக்கத்தில் வருகிறது என்று பார்ப்பேன். முதலிலேயே விடைகளைப் பார்த்தால் ஐந்துமே பொருந்துகிற மாதிரித்தான் இருக்கும். அவற்றை எழுதுகிறவர்களுக்கு அதுதானே வேலை.

இரண்டு, மூன்று இடங்கள் காலியாக இருந்தால் வரிசையாகப் போகாதே. எந்த இடம் தெளிவாகத் தெரிகிறதோ அங்கிருந்து தொடங்கு, சில சமயம் அது கடைசி இடமாக இருக்கும். மூன்று இடத்துக்கும் தலா மூன்று விடை, மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். குருட்டாம்போக்கில் அடித்தால் 27-ல் ஒரு வாய்ப்பு.

ஆறு சொற்களிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வகை ஒன்று உண்டு. எந்த இரண்டைப் போட்டால் வாக்கியம் ஒரே பொருள் தருகிறதோ அந்த இரண்டு. நான் குறுக்குவழி கண்டுபிடித்தேன் என்று நினைத்துக்கொண்டு, வாக்கியத்தைப் படிக்காமலே ஒத்த பொருளுள்ள ஜோடியைத் தேடுவேன். ஒரு கேள்வியில் ஒரு ஜோடிதான் இருக்கும் என்று யார் சொன்னது? 'ஃப்ரூகல்', 'த்ரிஃப்ட்டி' ஒரு ஜோடி. 'மைசர்லி', 'ஸ்டிஞ்ஜி' இன்னொரு ஜோடி. வாக்கியம் அந்த ஆளைப் பாராட்டினால் சிக்கனம், திட்டினால் கஞ்சத்தனம். படிக்காமல் எப்படித் தெரியும்?

சொற்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, தெரியாமல் போன ஒன்பதும் மதிப்பெண்தானே. ஆனால் வாயில் நுழையாத சொற்களைவிட எனக்குக் குழி பறித்தவை தெரிந்த முகங்கள். 'ஃப்ளாக்' என்றால் கொடி என்று குழந்தைக்கும் தெரியும். வினையாக வந்தால் சோர்ந்துபோவது. 'வான்ட்' இல்லாமையைக் குறிக்கும். 'குவாலிஃபை' என்றால் சொன்னதைக் கொஞ்சம் கட்டுப்படுத்திச் சொல்வது. 'சாங்ஷன்' அனுமதியும் ஆகும், தண்டனையும் ஆகும். 'எனர்வேட்' காதுக்கு எனர்ஜி மாதிரி ஒலிக்கும், அர்த்தம் பலத்தை உறிஞ்சுவது. நம் 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணமாக இருந்ததை நினைத்துக்கொள், இந்தச் சொற்கள் மேல் கோபம் வராது. எனக்கு வந்தது, அது வேறு விஷயம்.

பாதிக்குப் பாதி கேள்விகள் பத்தி படித்துப் பதில் சொல்பவை. உனக்கு இதில் ஆபத்து இருக்கிறது, ஏனென்றால் எனக்கு இருந்தது. பாக்டீரியா பற்றி ஒரு பத்தி வந்தது. பதினைந்து வருஷம் ஆய்வுக்கூடத்தில் அவற்றோடு குடித்தனம் நடத்தியவள் நான். பத்தியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு எனக்குத் தெரிந்ததை வைத்து பதில் போட்டேன். நான்கு கேள்வியில் மூன்று தப்பு. நான் தேர்ந்தெடுத்த விடைகள் உலகத்தில் உண்மை, அந்தப் பத்தியில் இல்லை. அவ்வளவுதான். இன்னொரு பொறி, முதல் பாதி சரியாக இருந்து கடைசி இரண்டு சொல்லில் கெட்டுப்போகிற விடை. மூன்று கூற்றுகளைக் கொடுத்து சரியானவை எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்பார்கள். அதில் ஒவ்வொன்றையும் தனிக் கேள்வியாக நினைத்துக்கொள். ஒன்றுதான் சரியாக இருக்கலாம், மூன்றுமே சரியாகவும் இருக்கலாம்.

பத்தியைப் படிக்கும்போது நான் விவரங்களை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் தேடுவேன்: இதை எழுதியவர் யாரோடு வாதாடுகிறார்? அநேகமாக யாரோ பழையவர் ஒருவர் சொன்னதை இவர் ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது பாதி ஒத்துக்கொள்கிறார். அந்த இடம் கிடைத்துவிட்டால் மீதி தானாக வரும். இதற்குப் பயிற்சி, உனக்குப் பிடிக்காத விஷயத்தைப் பற்றிய கட்டுரையாகத் தினமும் ஒன்று படிப்பதுதான். நான் ஓவிய விமர்சனம் படித்தேன். முதல் வாரம் கொட்டாவி. நாலாவது வாரம் ஒருவர் இன்னொருவரை எவ்வளவு நாசூக்காகத் திட்டுகிறார் என்று ரசிக்கத் தொடங்கிவிட்டேன்.

பயிற்சிக் கேள்விகளை இ.டி.எஸ். வெளியிட்டவற்றிலிருந்தே எடு. கணக்குக்கு மற்றவர்கள் எழுதியவை போதும், வெர்பலுக்கு எனக்கு அவை சரிப்படவில்லை. பல இடத்தில் விடையோடு சண்டை போடத் தோன்றியது. பவர்ப்ரெப் என்று இலவச மாதிரித் தேர்வுகள் இரண்டு தருகிறார்கள். ஒன்றை இப்போதே எழுதிப் பார். இன்னொன்றைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு வரை தொடாதே. நான் இரண்டையும் முதல் வாரத்திலேயே தின்றுவிட்டு முழித்தேன்.

நேரம் சராசரியாகக் கேள்விக்கு ஒன்றரை நிமிஷம். கோடிட்ட இடங்களை ஒரு நிமிஷத்துக்குள் முடித்தால் பத்திகளுக்கு மூச்சுவிட இடம் இருக்கும். ஒரே பிரிவுக்குள் முன்னே பின்னே போகலாம், குறித்துவைத்துத் திரும்பி வரலாம். தப்புக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எதையும் காலியாக விடாதே. 2023 செப்டம்பரிலிருந்து மொத்தத் தேர்வே இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, கட்டுரையும் ஒன்றுதான். நம் வயது முதுகுக்கு அது பெரிய உதவி. நன்றாக அமையாவிட்டால் 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம். எந்தத் தேர்வின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பது நம் கையில்தான்.

இரண்டாம் தடவை இரண்டாவது பிரிவு என்னைப் பிழிந்து எடுத்தது. நாலாவது கேள்வியிலேயே வியர்த்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை கஷ்டமாக இருப்பதே நல்ல சேதி என்று தெரிந்ததால் பயப்படவில்லை. 160 வந்தது. பெரிய மதிப்பெண் இல்லை, எனக்குத் தேவைப்பட்டது அதுதான்.

கார்டுகளை இரண்டு கட்டாகப் பிரித்து அனுப்புகிறேன். சிவப்பு ரப்பர் பேண்டு போட்டதில் ஆயிரம் சொச்சம் இருக்கும், அது சும்மா. பச்சை ரப்பர் பேண்டில் நூற்றைம்பதுதான். இரண்டாம் தடவைக்காக எழுதியவை. ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அர்த்தம் கிடையாது, நான் அந்தச் சொல்லால் ஏமாந்த வாக்கியம் மட்டும். அதை முதலில் எடு. சில கார்டுகளில் என் பெண் யானை வரைந்திருக்கிறாள், கண்டுகொள்ளாதே.

முதல் மாதிரித் தேர்வு எழுதியதும் எத்தனை வந்தது என்று மறைக்காமல் எழுது. 149-க்குக் கீழே வந்தாலும் எழுது, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அப்பாவின் கண் விஷயத்தையும்.

உன்
பழைய பெஞ்சுத் தோழி