இன்னொரு சர்வர் கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன வாரம் நம் டேட்டாபேஸ் சர்வர் விழுந்தது உங்களுக்கே தெரியும். அதை மீட்க "ஏன் 11 மணி நேரம் ஆனது?" என்று கேட்டிருந்தீர்கள். பதில் இது.

பேக்கப் இருந்தது, அதிகாலை 2 மணிக்கு எடுத்தது. ரெய்டு கன்ட்ரோலர், அதாவது பல டிஸ்குகளைச் சேர்த்து ஓட்டும் அட்டை, செத்தது மாலை 4 மணிக்கு. புது இயந்திரம் தேடிப் பிடித்து, தரவை ஏற்றி, தேடலை வேகப்படுத்தும் இன்டெக்ஸ்களைத் திரும்பக் கட்டிமுடிக்க அதிகாலை 3 மணி ஆகிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நடுவில் போன 14 மணி நேரப் பதிவுகளைக் காகிதச் சீட்டுகளைப் பார்த்து மூன்று பேர் இரண்டு நாள் திரும்பத் தட்டினார்கள். ஒருவர் கசங்கிய சீட்டோடு வந்து, "இது 1-ஆ, 7-ஆ?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? இருவரும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு 7 என்று முடிவு செய்தோம். உங்கள் கணக்கில் இப்போது அது 7.

கேட்பது ஒன்றுதான்: தனி இயந்திரத்தில், வேறு மின் இணைப்பில், ஒரு ஸ்டாண்ட்பை சர்வர், அதாவது முதன்மை சர்வர் விழுந்தால் அதன் இடத்தை எடுக்கத் தயாராக நிற்கும் நகல். நாம் ஓட்டுவது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். மாற்றங்களை இன்னொரு சர்வருக்குத் தொடர்ந்து அனுப்பும் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் 2010-இல் வந்த 9.0 பதிப்பிலிருந்தே அதில் இருக்கிறது. உரிமக் கட்டணம் ஒரு காசு கிடையாது. பிரைமரியில், அதாவது முதன்மை சர்வரில், நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் உடனுக்குடன் ஸ்டாண்ட்பைக்குப் போய்விடும். பிரைமரி விழுந்தால் கடைசிச் சில நொடிப் பதிவுகள் போகலாம், 14 மணி நேரம் போகாது. ஸ்டாண்ட்பையைப் புரொமோட் செய்து, அதாவது அதையே பிரைமரியாக்கி, இணைப்புகளைத் திருப்பிவிடுவது நிமிடக் கணக்கு வேலை.

"ரெய்டு இருக்கிறதே" என்று மூன்று முறை பதில் வந்தது. இருந்தது. டிஸ்க் நான்கும் இன்றும் நலம்; செத்தது அவற்றை ஓட்டிய கன்ட்ரோலர். வரவேற்பறைப் பெரிய திரைக்கு மட்டும் ஒரே கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தது. அன்று இரவு முழுக்க அது பளிச்சென்று "இணைப்பு இல்லை" என்று காட்டிக்கொண்டிருந்தது. சரி, அதை விடுகிறேன்.

ஸ்டாண்ட்பை வந்தால் பேக்கப்பை நிறுத்தலாமே என்று தயவுசெய்து கேட்காதீர்கள். தவறி ஒரு டேபிளை அழித்தால் அந்த அழிவும் நொடியில் அங்கே போய்ச் சேரும். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் உருவாக்கத் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், ஸ்டாண்ட்பை என்று நினைத்து பிரைமரியின் தரவையே அழித்துவிட்டார். தினசரி பேக்கப் வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுமார் 6 மணி நேரத்துக்கு முந்தைய நகல் ஒன்று கிடைத்ததால் தப்பினார்கள். நமக்கு இரண்டும் வேண்டும்.

அடுத்த கூட்டத்திலாவது அந்த ஸ்டாண்ட்பை சர்வருக்கு ஒப்புதல் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அமைத்து முடித்ததும் ஒரு விடுமுறை நாளில் வாருங்கள். உங்கள் கண்ணெதிரே பிரைமரியின் வயரை நானே பிடுங்கிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவன்