குறுக்குத்துறையில் தலை நனைக்காத பையன்

பாளையங்கோட்டை

அன்புள்ள சுடலைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மட்டும் முட்டுவலி, மாடி ஏறுவதை நிறுத்திவிட்டாள். ஆனித் தேர் முடிந்து நீங்கள் ரயில் ஏறிய மறுநாளே உனக்கு எழுத நினைத்தேன், அதற்குள் உன் கடிதம் வந்துவிட்டது. உன் மகன் கதிருக்கு முடி நடுகிற சிகிச்சைக்காக ஒரு இடத்தில் பேசி வைத்திருக்கிறாய், மாசத் தவணையில் கட்டலாம் என்கிறார்கள், முன்பணம் கொடுத்துவிடவா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்காதே. முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

அன்றைக்குக் குறுக்குத்துறையில் நீ கவனித்தாயோ என்னவோ. தண்ணீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, நாம் இரண்டு பேரும் பள்ளிக்கூட நாள் மாதிரியே முங்கி முங்கி எழுந்தோம், அவன் கழுத்துவரை இறங்கி நின்றுவிட்டுத் தலையை நனைக்காமலே கரையேறி, படித்துறையில் உட்கார்ந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். ஆற்றுக்கு வந்துவிட்டுத் தலை முழுகாமல் போகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று நீ சத்தம் போட்டாய். அவன் ஒன்றும் பேசவில்லை. முடி நனைந்தால் ஒட்டிக்கொள்ளும், அடியில் இருக்கிற தோல் பளிச்சென்று தெரியும். அதனால்தான் சுடலை. எனக்கு அது தெரியும், ஏனென்றால் 25 வயதில் நானும் அதே படியில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீ அப்போது மெட்ராஸ் போய்விட்டாய், உனக்கு இதெல்லாம் தெரியாது. 1996 அது. நெற்றி இரண்டு பக்கமும் மேலே ஏறிக்கொண்டே போனது, உச்சியில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் தெரிந்தது. மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்று யாரோ சொன்னதை நம்பித் திருச்செந்தூரில் இரண்டு தடவை மொட்டை போட்டேன். ஒரு எண்ணெய்க்காரரிடம் மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன், தலை முழுக்க அரிப்பும் கொப்புளமும் வந்ததுதான் கண்டது. தங்கை கல்யாண ஆல்பத்தை எப்போதாவது புரட்டிப் பார், நான் ஒரு படத்திலும் இருக்க மாட்டேன், பந்தியைக் கவனிக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே கேமராவுக்கு ஒதுங்கி நின்றேன். இதை இதுவரைக்கும் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரியிடம்கூட.

அப்புறம் மருந்துக்கடை வைத்து இத்தனை வருஷத்தில், கதிர் வயதுப் பையன்கள் வாரத்துக்கு நாலைந்து பேராவது வந்து குரலைத் தாழ்த்தி முடிக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்த மாதிரி கொட்டுகிறது என்பதைத்தான். எல்லாக் கொட்டலும் ஒன்று கிடையாது. டெங்கு, டைபாய்டு மாதிரிப் பெரிய காய்ச்சல் வந்து போனால், இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுவதும் கொத்துக் கொத்தாகக் கொட்டும், பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்று திரும்ப முளைத்துவிடும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு இருந்தாலும் இப்படிக் கொட்டும், அதைச் சரி செய்தால் இது அடங்கும். நாம் புழுவெட்டு என்கிறோமே, காசு வைத்த மாதிரி வட்டமாக வழவழவென்று விழுவது, அது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடிவேரையே தாக்குவதால் வருவது, புழுவும் இல்லை பூச்சியும் இல்லை, அதற்கு வைத்தியமே வேறு. கதிருக்குப் போன மழைக்காலத்தில் டெங்கு வந்ததாக எழுதியிருந்தாய். அதனால் கொஞ்சம் கொட்டியிருக்கலாம். ஆனால் நான் ஆற்றங்கரையில் பார்த்தது நெற்றி ஓரமும் உச்சியும். அது ஆண்களுக்குப் பரம்பரையாக வருகிற வழுக்கை என்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஒரு தோல் மருத்துவர் லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது, எதிரில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற விற்பனைப் பெண் சொல்ல வேண்டியது இல்லை.

சென்னை உப்புத் தண்ணீரால்தான் இப்படி ஆனது என்று நீ திரும்பத் திரும்பச் சொல்கிறாய். தாமிரபரணியில் குளித்து வளர்ந்த நமக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான், வெளியூர் போன எல்லோரும் இதையே சொல்கிறார்கள். உப்புத் தண்ணீர் முடியை வறட்டும், நடுவில் ஒடியச் செய்யும், ஆனால் நெற்றியை மட்டும் குறிபார்த்து ஏற்றிவிட அதற்குத் தெரியாது. பின்மண்டையிலும் அதே தண்ணீர்தானே படுகிறது, அங்கே முடி அப்படியே இருக்கிறதே. தொப்பியும் ஹெல்மெட்டும் கூடக் காரணம் கிடையாது. உன் மனைவி கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சிக் கொடுக்கிறாள், கொடுக்கட்டும், தலைக்கு எண்ணெய் நல்லதுதான், முடி மிருதுவாக இருக்கும், ஆனால் இந்த வழுக்கையை அது நிறுத்தாது.

நடப்பது என்னவென்றால், டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனை நம் உடம்பில் இருக்கிற ஒரு நொதி டி.எச்.டி. என்கிற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. நெற்றியிலும் உச்சியிலும் இருக்கிற முடிவேர்கள் சிலருக்குப் பிறவியிலேயே இந்த டி.எச்.டி.க்குக் கூச்சப்படுகிறவை. ஒரு முடி சாதாரணமாக இரண்டிலிருந்து ஆறு வருஷம்வரை வளர்ந்து, ஓய்ந்து, விழுந்து, அதே வேரிலிருந்து புதிதாக முளைக்கும். கூச்சமுள்ள வேரில் ஒவ்வொரு சுற்றிலும் வளர்கிற காலம் குறைந்துகொண்டே வரும், வேர் சுருங்கிக்கொண்டே போகும், முடி மெலிந்து மெலிந்து கடைசியில் பூனைமுடியாக நின்றுவிடும். ஒரு நாளைக்கு ஐம்பது நூறு முடி கொட்டுவது யாருக்கும் உள்ளதுதான், சீப்பில் வருகிற முடியை அவன் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல். கொட்டுவதைவிட மெலிவதுதான் இதில் விஷயம். பூனைமுடியாக மெலிந்திருக்கிற வேரை ஓரளவு மீட்கலாம், ரொம்ப நாளாக வழவழவென்று ஆகிவிட்ட இடத்தில் மருந்துக்குப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு இப்போது அந்த நிலைமை. அவனுக்கு 24 தான் ஆகிறது, அவனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நான் இவ்வளவு நீளமாக எழுதுவது அதற்காகத்தான்.

தாய்மாமன் தலையைப் பார்த்து மருமகன் தலையைச் சொல்வார்கள் நம் ஊரில். அதில் பாதி உண்மை. தாய் வழியில் வருகிற எக்ஸ் குரோமோசோமில் இதற்கு முக்கியமான ஒரு மரபணு இருக்கிறது, ஆனால் இன்னும் பல மரபணுக்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்கின்றன. அதனால் உன் மச்சினனை மட்டும் குறை சொல்லாதே.

இந்த ஹார்மோன் சங்கதி எப்படித் தெரிய வந்தது என்பது எனக்குப் படித்தாலும் படித்தாலும் அலுக்காத கதை. 1942இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்பவர், பருவம் வருவதற்கு முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று காட்டினார். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால், பரம்பரையில் வழுக்கை இருக்கிறவர்களுக்கு விழ ஆரம்பித்தது. அப்புறம் டொமினிகன் குடியரசில் ஒரு மலைப்பக்கத்துக் கிராமத்தில், பெண் குழந்தை என்று வளர்த்த சில பிள்ளைகள் பன்னிரண்டு வயதுவாக்கில் ஆணாக மாறுவதைப் பற்றி 1974இல் ஆராய்ச்சி வெளிவந்தது. அவர்களுக்குப் பிறவியிலேயே டி.எச்.டி. உண்டாக்குகிற அந்த நொதி குறைவு. பெரியவர்களான பிறகும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி சின்னதாகவே இருந்தது, தலையில் வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியைத் தடுக்கிற மருந்தாக வந்ததுதான் ஃபினாஸ்டரைடு, 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம், 1997இல் முடிக்கு 1 மில்லிகிராம் என்று அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள்.

இதுவும் மினாக்ஸிடிலும்தான் நன்றாகச் சோதிக்கப்பட்டு நிற்கிற இரண்டு மருந்துகள். மினாக்ஸிடில் முதலில் ரத்தக் கொதிப்புக்கான மாத்திரை, சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைக்கவே தலையில் தடவுகிற தண்ணீர் மருந்தாக்கினார்கள், 1988இல் அனுமதி. ஆண்களுக்கு வழக்கமாக 5 சதவீதம், காலையில் 1 மில்லி ராத்திரி 1 மில்லி, 60 மில்லி பாட்டில் ஒரு மாதத்துக்கு வரும். காய்ந்த தலைத்தோலில் படும்படி போட வேண்டும், முடியில் தடவிப் பிரயோஜனம் இல்லை. ஆரம்பித்த சில வாரத்தில் முன்னைவிட அதிகமாகக் கொட்டும், ஓய்ந்த முடியைப் புது முடி தள்ளுவதால் அப்படி. பாதிப் பையன்கள் இங்கேதான் பயந்து பாட்டிலை வீசிவிடுகிறார்கள். நாலு மாதம், ஆறு மாதம் போனால்தான் பலன் தெரியும், நிறுத்தினால் சில மாதத்தில் கிடைத்தது போய்விடும். உன் வீட்டில் பூனை இருக்கிறது, இந்த மருந்து பூனைக்கு விஷம், தலையணை உறையில் பட்டதை நக்கினால்கூட ஆபத்து, அதைக் கவனிக்கச் சொல்.

ஃபினாஸ்டரைடைப் பற்றி நான் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே சொல்கிறேன். நன்றாக வேலை செய்கிற மருந்துதான். சோதனையில் இரண்டு வருஷம் சாப்பிட்டவர்களில் 100க்கு 83 பேருக்கு உச்சியில் முடி எண்ணிக்கை குறையாமல் நின்றது, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 28 பேருக்குத்தான் அப்படி. ஆனால் சிலருக்கு ஆசை குறைவது, விறைப்பில் கோளாறு என்று வரும், அதே சோதனைகளில் மருந்து சாப்பிட்டவர்களில் 3.8 சதவீதம், வெறும் மாத்திரைக்காரர்களில் 2.1 சதவீதம். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடுகிறது, ஒரு சிலர் நிறுத்திய பிறகும் நீடிப்பதாகச் சொல்கிறார்கள். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மனசு. உயிரை விட்டுவிடலாம் என்கிற எண்ணம்கூட இதன் பக்கவிளைவாக வரலாம் என்று 2025இல் ஐரோப்பிய மருந்து முகமை உறுதி செய்திருக்கிறது, மனம் சோர்ந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகச் சொல்லியிருக்கிறது. ஏற்கனவே அறையைவிட்டு வெளியே வராமல் இருக்கிற பையனுக்கு இதை இன்டர்நெட்டில் வாங்கிக் கொடுக்காதே. அவன் மனநிலையை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சீட்டு இல்லாமல் யார் கேட்டாலும் நான் கொடுப்பதில்லை. அப்புறம் செல்வி மாசமாக வந்து உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், உடைந்த மாத்திரையை அவள் கையால் தொடக்கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம்.

பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரை டப்பா டப்பாவாக விற்கிறது. சத்துக் குறைவு இல்லாதவனுக்கு அதனால் முடி வளராது, போதாக்குறைக்குத் தைராய்டு பரிசோதனையில் தப்பான எண்ணைக் காட்ட வைக்கும். கதிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். சொந்த ரத்தத்தை எடுத்து மெஷினில் சுழற்றித் தலையில் ஊசி போடுகிற பி.ஆர்.பி.யில் சிலருக்குப் பலன் கிடைக்கிறது, எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை, செலவும் அதிகம், முதலில் போக வேண்டிய இடம் அது இல்லை.

இப்போது நீ கேட்ட விஷயம். முடி நடுவது பொய் கிடையாது. 1950களில் நியூயார்க்கில் நார்மன் ஒரென்ட்ரைக் என்பவர், பின்மண்டை வேரைப் பிடுங்கி முன்னால் வைத்தால் அது தன் குணத்தை மாற்றிக்கொள்ளாமல் வளர்கிறது என்று காட்டினார், இன்றைக்கும் அடிப்படை அதுதான். ஆனால் பின்மண்டை ஒரு நாற்றங்கால் சுடலை. எத்தனை வயல் நடுவதற்கு நாற்று இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு, பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைக்காது. 24 வயதில் வழுக்கை எதுவரைக்கும் போகும் என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்றைக்கு நெற்றியோரம் நெருக்கமாக நட்டுவிட்டால், ஐந்து வருஷத்தில் அதற்குப் பின்னால் இருக்கிற சொந்த முடி போய், நட்டது மட்டும் வரப்பு மாதிரித் தனியாக நிற்கும், அப்போது நாற்றங்காலில் மிச்சம் இருக்காது. எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு அப்படியேதான் ஆனது, இப்போது அவனும் தொப்பிதான். நட்டாலும் மருந்தை விட முடியாது என்பதைத் தவணை பேசுகிறவர்கள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். 2016இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் முடி நடும் சிகிச்சைக்குப் போய் இறந்தே போனார், உனக்கு ஞாபகம் இருக்கும். மயக்க மருந்து கொடுக்கிற வேலை அது, யார் கத்தி பிடிக்கிறார், அவர் படிப்பு என்ன, அவசரம் என்றால் அங்கே என்ன வசதி இருக்கிறது என்று கேட்காமல் யாரும் நாற்காலியில் உட்காரக்கூடாது. முப்பது வயதுக்கு மேல், மருந்தில் முடி ஒரு நிலைக்கு வந்து நின்ற பிறகு அவனுக்கே வேண்டும் என்று தோன்றினால் அப்போது செய்யட்டும், நானே கூட வருகிறேன்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன், கோபப்படாதே. வீட்டில் யாரும் அவன் தலையைப் பற்றிப் பேசக்கூடாது. பெண் பார்க்கிற பேச்சில் அதை இழுக்காதே, உன் தம்பி சொட்டை என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல். அவர் விளையாட்டாகத்தான் சொல்கிறார், எனக்குப் புரிகிறது, ஆனால் என் சித்தப்பா விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது. மருந்து போட்டுக்கொள்வதும் வேண்டாமென்று விடுவதும் அவன் இஷ்டம். நறுக்கென்று வெட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தாலும் சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவனை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடு. திங்கள் காலை ஜங்ஷனில் நான் நிற்பேன், நேராக ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன், ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நான் நிற்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்த போட்டோ ஒன்றிரண்டு கொண்டுவரச் சொல், மருத்துவர் கேட்பார். மருந்து ஆரம்பித்தால் மாதம் ஒரு தடவை அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பட்டும், கண்ணாடியை நம்ப முடியாது. தொப்பி போட்டுக்கொண்டு வந்தாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். மத்தியானம் சொதி வைக்கிறேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள், அவனுக்குப் பிடிக்குமாமே.

உன்,
பரமசிவன்