கடைசி இருபது சதவீதம்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. கிடங்குப் பொறுப்பு உன் தலையில் விழுந்துவிட்டதாகப் புலம்பியிருக்கிறாய். ஓய்வு பெறும் வயதில் உனக்கு அது வேண்டியதுதான்! என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டேன்.

சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஈய-அமில பேட்டரி எண்பது சதவீதம் வரை விறுவிறுவென்று ஏறுகிறது, மீதிக்கு ஏன் இத்தனை மணி நேரம், பாதியில் கழற்றினால் என்ன என்று கேட்டிருக்கிறாய். வண்டி ஓடும்போது இரு வகைத் தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படிகிறது. சார்ஜ் செய்யும்போது அது கரைந்து, அமிலம் மறுபடி நீருக்குள் திரும்புகிறது. சல்ஃபேட் நிறைய இருக்கும்வரை, கொடுக்கும் மின்னோட்டத்தைத் தகடு வாங்கிக்கொள்ளும். பேட்டரிக்குள் இருக்கும் தனித்தனி அறையான ஒரு செல்லுக்குச் சுமார் 2.4 வோல்ட் வந்ததும், உன்னுடைய 48 வோல்ட் பேட்டரியில் 24 செல்லுக்கும் சேர்த்து 57.6 வந்ததும், தகட்டால் மின்னோட்டம் முழுவதையும் வாங்க முடியாது. மிஞ்சும் மின்னோட்டம் நீரைப் பிரித்து ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் வாயுக் குமிழிகளாக்கும். அதனால்தான் சார்ஜர் மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. அது சோம்பல் இல்லையப்பா.

அந்தக் குமிழிகளை வீண் என்று நினைத்துவிடாதே. தகட்டிலிருந்து வெளிவரும் அடர்ந்த அமிலம் கனத்தால் அடியில் தங்கிவிடும்; அதைக் கலக்கிவிடுவது குமிழிகள்தான். தினமும் பாதியில் கழற்றினால் மேலே நீர்த்த அமிலம், கீழே கெட்டி அமிலம் என்றாகி, தகட்டின் அடிப்பகுதியில் சல்ஃபேட் இறுகிவிடும். வாரம் ஒருமுறை, முழுதாக ஏறிய பிறகும் சிறு மின்னோட்டத்தில் சில மணி நேரம் தொடரும் சமன்செய் சார்ஜைக் கட்டாயம் கொடு. உன் ஆட்கள் அதை மின்சார விரயம் என்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதே.

டிஸ்டில்டு வாட்டரைச் சார்ஜ் முடிந்த பிறகே ஊற்றச் சொல். முன்பே நிரப்பினால் சூட்டிலும் குமிழியிலும் மட்டம் உயர்ந்து அமிலம் வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றலாம். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். ஆகவே அறைக்கு நல்ல காற்றோட்டம் வேண்டும். சார்ஜரை நிறுத்தாமல் இணைப்பைப் பிடுங்கக் கூடாது, பொறி பறக்கும்.

சார்ஜரின் பச்சை விளக்கை மட்டும் நம்பாதே. முழு சார்ஜில், அமிலத்தின் ஒப்படர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஏறத்தாழ 1.28 காட்ட வேண்டும். சமன்செய் சார்ஜுக்குப் பிறகு 24 செல்லையும் அளந்து எழுதி அனுப்பு. எது பின்தங்குகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி